படவீழ்த்தியின் சேவைப் பட்டி

சேவைப் பட்டி அல்லது சர்வீஸ் மெனு என்பது, புரொஜெக்டர் எனப் பரவலாக அழைக்கப்படும் படவீழ்த்தியில் பயனரின் பார்வைக்கு மறைத்து வைக்கப்பட்டுள்ள அமைப்புகளின் தொகுதி ஆகும். தொழிற்சாலையில் கருவியைச் சீர்செய்யவும், பின்னர் பழுதுபார்க்கவும் இது பயன்படுகின்றது. வீட்டுத் திரையரங்கு ஆர்வலர்கள் சிலர் படத்தின் தரத்தை உயர்த்தும் நோக்குடன் இப்பட்டியைத் திறந்து மதிப்புகளை மாற்றுவதுண்டு. இம்மதிப்புகளுள் பல அந்த ஒரு கருவிக்கென்றே அளந்து பதியப்பட்டவை. பெரும்பாலும் அவற்றின் படி பயனரிடம் இருப்பதில்லை. ஆகவே, ஒருமுறை இழந்த மதிப்பை மீட்பது கடினம். இதுவே இப்பட்டியின் முதன்மையான இடர் ஆகும்.

பொருளடக்கம்
1. தோற்றம்
2. தனிக்கருவிக்குரிய மதிப்புகள்
3. இடர்கள்
4. மீட்டமைப்பில் உள்ள சிக்கல்
5. முன்னெச்சரிக்கைகள்
6. மாற்று வழிகள்
7. இவற்றையும் பார்க்க

தோற்றம்

மூன்று எதிர்மின் கதிர்க் குழாய்களைக் கொண்ட பழைய படவீழ்த்திகளில் பெரும்பாலான சீரமைப்புகள், கருவியின் உள்ளே இருந்த சிறு திருகு மின்தடையங்களைத் திருப்பிச் செய்யப்பட்டன. பெட்டியைத் திறந்தால் மட்டுமே அவற்றைத் தொட முடியும். பிலிப்ஸ் நிறுவனம் 1982 இல் அறிமுகப்படுத்திய ஐ-ஸ்கொயர்-சி போன்ற தொடர்பு வழிகள் பரவிய பின், இத்திருகுகளின் இடத்தை அழியா நினைவகத்தில் எழுதப்படும் எண்கள் பிடித்துக்கொண்டன. இதனால், தொலையியக்கியில் சில பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தியே கருவியின் ஆழமான அமைப்புகளை அடையக்கூடிய நிலை ஏற்பட்டது. திருகாணி தேவைப்பட்ட இடத்தில் இப்போது பொத்தான்களின் வரிசை மட்டும் தெரிந்தால் போதும்.

தனிக்கருவிக்குரிய மதிப்புகள்

ஒரே மாதிரியைச் சேர்ந்த இரு படவீழ்த்திகளின் உதிரிப்பாகங்கள் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. சில்லுகள், விளக்கு, ஒளி வடிகட்டிகள் ஆகியவற்றில் சிறு வேறுபாடுகள் இருக்கும். தொழிற்சாலையில் ஒவ்வொரு கருவியும் தனித்தனியே அளக்கப்பட்டு, அவ்வேறுபாட்டை ஈடுசெய்யும் எண்கள் அதன் நினைவகத்தில் பதியப்படுகின்றன. எனவே, ஒருவருடைய கருவிக்குப் பொருந்திய எண்ணை அதே மாதிரியின் மற்றொரு கருவியில் இடுவது சரியான முறையன்று.

இடர்கள்

விளக்கும் குளிர்விப்பும்

பல படவீழ்த்திகளில் உயரழுத்தப் பாதரச விளக்கு பயன்படுகின்றது. இவ்வகை விளக்கைப் பிலிப்ஸ் நிறுவனம் 1995 இல் அறிமுகப்படுத்தியது. எரியும்போது இதன் உள்ளே ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தம் நிலவும். குவார்ட்சுக் குமிழின் வெப்பநிலை குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். வெப்பம் மிகுந்தால் குவார்ட்சு படிகமாகி ஒளிபுகும் தன்மையை இழக்கும். குமிழ் உப்பி வெடிக்கவும் கூடும். வெப்பம் மிகக் குறைந்தால் பாதரசம் முழுமையாக ஆவியாகாது, ஒளி குன்றும்.

விசிறியின் இரைச்சலைத் தணிக்க அதன் வேகத்தைக் குறைப்பதும், வெளிச்சத்தைக் கூட்ட விளக்கின் திறனை உயர்த்துவதும் இச்சமநிலையைக் குலைக்கின்றன. மலைப்பகுதிகளில் காற்றின் அடர்த்தி குறைவாதலால், அங்கு விசிறி கூடுதல் வேகத்தில் சுழல வேண்டியுள்ளது. பல கருவிகளின் பயனர் பட்டியிலேயே இதற்கெனத் தனி அமைப்பு உண்டு.

விளக்கை மாற்றாமல் அதன் மணிக்கணக்கை மட்டும் சுழியமாக்குவது மற்றொரு தவறு ஆகும். இதனால் கருவியின் எச்சரிக்கை மறைகின்றது. விளக்கோ தன் ஆயுளைக் கடந்தும் எரிகின்றது. விளக்கு வெடித்தால் பாதரச ஆவி அறையில் பரவும். அந்நிலையில் அறையை விட்டு வெளியேறிக் காற்றோட்டம் ஏற்படுத்த வேண்டும்.

நீர்மப் படிகச் சில்லுகள்

நீர்மப் படிகத்தின் மீது ஒரே திசையில் தொடர்ந்து மின்னழுத்தம் இருந்தால் அதிலுள்ள அயனிகள் ஒருபுறம் சேரும். இதைத் தவிர்க்க, மின்னழுத்தத்தின் திசை மாற்றி மாற்றித் தரப்படுகின்றது. இரு திசைகளுக்கும் நடுப்புள்ளியைத் தீர்மானிக்கும் பொது மின்முனை மின்னழுத்தம் சேவைப் பட்டியில் ஓர் எண்ணாக மட்டுமே தோன்றும். அது தவறினால் படம் மெல்லத் துடிக்கும். நாளடைவில், நெடுநேரம் நின்ற படத்தின் சாயல் திரையில் தங்கிவிடும். மாற்றிய உடனே விளைவு புலப்படாமல் போகக்கூடும் என்பதால் இது ஏமாற்றக்கூடிய இடர் ஆகும்.

நிறச்சக்கரம்

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் 1987 இல் கண்டுபிடித்த நுண்ணாடிச் சில்லை அடிப்படையாகக் கொண்டவை டி.எல்.பி படவீழ்த்திகள். இவ்வகையில் ஒரே சில்லுடைய கருவிகள் பலவற்றில், சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் கொண்ட சக்கரம் ஒன்று ஒளியின் பாதையில் சுழல்கின்றது. நொடிக்கு 120 முறை சுழலும் சக்கரம் நிமிடத்திற்கு 7200 சுற்றுகள் சுற்றும். சக்கரத்தில் உள்ள குறியை ஓர் உணரி படித்து, எந்நிறம் எப்போது வருகின்றது எனக் கருவிக்குத் தெரிவிக்கும். குறிக்கும் நிற எல்லைக்கும் இடையிலான காலத் தாமதம் கருவிக்குக் கருவி மாறுபடும். இந்த எண் பிறழ்ந்தால் ஒரு நிறத்துக்குரிய படம் அடுத்த நிறத்தின் ஒளியில் விழும். மென்மையாக மாற வேண்டிய நிறச்சாயல்களில் பட்டைகள் தோன்றும். இதனால் கருவி சேதமடைவதில்லை. எனினும் பழைய எண் தெரியாவிடில், சோதனைப் படங்களைக் கொண்டு மீண்டும் தேடிக் கண்டறிய வேண்டும்.

வெண்சமநிலை

வீட்டுத் திரைப்படங்களுக்குரிய வெண்மை டி65 எனப்படும். இது ஏறத்தாழ 6500 கெல்வின் நிற வெப்பநிலைக்கு ஒப்பானது. பாதரச விளக்கின் ஒளியில் சிவப்பு குறைவு. ஆகவே சிவப்பின் பெருக்கத்தை உயர்த்துவதே தீர்வு எனத் தோன்றும். ஆனால் சில்லு முழுமையாக ஒளியை விட்ட பின் அதற்கு மேல் தர இயலாது. சிவப்பு உச்சத்தில் வெட்டுப்பட்டு, இடைச்சாயல்கள் செம்மையாகவும் வெண்பகுதிகள் பச்சை கலந்தும் தெரியும். பச்சையையும் நீலத்தையும் குறைப்பதே முறையான வழி. அதனால் வெளிச்சம் சற்றுக் குறையும். நிறமானி இன்றிக் கண்ணால் மட்டும் இதைச் செய்வது நம்பத்தக்கதன்று. கண் தான் காணும் வெண்மைக்கு விரைவில் பழகிவிடுவதே இதற்குக் காரணம்.

மீட்டமைப்பில் உள்ள சிக்கல்

பயனர் பட்டியிலுள்ள மீட்டமைப்பு, பொதுவாகப் பயனருக்குரிய அமைப்புகளை மட்டுமே பழைய நிலைக்குக் கொண்டுவரும். சேவைப் பட்டியில் செய்த மாற்றங்கள் அப்படியே நிற்கும். சில கருவிகளின் சேவைப் பட்டியிலும் மீட்டமைப்பு என்றொரு தெரிவு உண்டு. அது தொழிற்சாலையில் அக்கருவிக்கென அளந்த எண்களை அழித்து, அம்மாதிரிக்குரிய பொது எண்களை எழுதிவிடக்கூடும். பிழையைத் திருத்தும் எண்ணத்தில் இதனை அழுத்துவோர் எஞ்சிய சரியான மதிப்புகளையும் இழக்க நேரிடும். நினைவகத்தில் எழுதப்படும் வேளையில் மின்சாரம் தடைப்பட்டால் தரவு சிதைவதும் சாத்தியமே.

முன்னெச்சரிக்கைகள்

* எந்த மதிப்பையும் தொடும் முன், பட்டியின் எல்லாப் பக்கங்களையும் ஒளிப்படம் எடுத்து வைக்க வேண்டும்.
* ஒரு வேளையில் ஓர் எண்ணை மட்டும் மாற்றி, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும்.
* பொருள் விளங்காத சுருக்கக் குறியீடுகளைத் தொடலாகாது.
* விளக்கின் திறன், விசிறி, பொது மின்முனை மின்னழுத்தம் ஆகியவற்றை மாற்றாதிருத்தல் நலம்.
* மீட்டமைப்பு, தொடக்கநிலைப்படுத்தல் ஆகிய தெரிவுகளைத் தவிர்க்க வேண்டும்.
* உத்தரவாதக் காலம் முடியாத கருவியாயின், அதன் விதிமுறைகளை முதலில் படிக்க வேண்டும்.

மாற்று வழிகள்

ஒரு காலத்தில் சேவைப் பட்டியில் மட்டும் இருந்த பல அமைப்புகள் பின்னாளில் பயனர் பட்டிக்கே வந்துவிட்டன. வெண்சமநிலை, காமா, நிற மேலாண்மை ஆகியவை அவற்றுள் சில. இவற்றை மாற்றினால் பயனர் பட்டியின் மீட்டமைப்பைக் கொண்டே பழைய நிலையை அடையலாம். அறையை நன்கு இருட்டாக்குதல், வடிகட்டியைத் தூய்மை செய்தல், ஆயுள் முடிந்த விளக்கை மாற்றுதல் ஆகியவற்றாலும் படத்தின் தரம் உயரும். இவற்றால் நிறைவுறாதவர்கள், அளவுக்கருவி வைத்திருக்கும் பயிற்சி பெற்ற சீரமைப்பாளரை நாடலாம்.

இவற்றையும் பார்க்க

* நீர்மப் படிகம்
* நுண்ணாடிச் சில்லு
* நிற வெப்பநிலை
* அழியா நினைவகம்
* பாதரச ஆவி விளக்கு