கணக்கு தப்பிய பாட்டு

புதுச்சேரி என்றால் பீச் ஞாபகம் வரும், பிரெஞ்சுத் தெரு ஞாபகம் வரும். இன்னொன்றும் சிலருக்கு ஞாபகம் வரும், அதை விடுங்கள். கம்ப்யூட்டர் யாருக்காவது ஞாபகம் வருமா? வராது. ஆனால் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த சேதராப்பட்டில் எச்.சி.எல்.லும், பாகூர் கொம்யூனைச் சேர்ந்த காட்டுக்குப்பத்தில் விப்ரோவும் தொழிற்சாலை வைத்திருந்தன. யூனியன் பிரதேசத்துக்கு இருந்த வரிச் சலுகைதான் அவர்களை இங்கே இழுத்து வந்த காந்தம். நெல்லும் கரும்பும் விளைகிற ஊரிலிருந்து மானிட்டரும் சி.பி.யு.வும் லாரி ஏறி இந்தியா பூராவும் போயின. 2005-ல் எச்.சி.எல். பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு கம்ப்யூட்டரை அறிவித்தபோது தேசமே திரும்பிப் பார்த்தது.

விலை இப்படி இறங்கியதற்குப் பல காரணங்கள். நமக்கு இங்கே ஒன்று போதும்: சவுண்ட் கார்டு காணாமல் போனது.

அதற்கு முன்பெல்லாம் கம்ப்யூட்டர் பாட வேண்டுமானால் தனியாக ஒரு அட்டை வாங்கிச் செருக வேண்டும். சிங்கப்பூர்க்காரரான சிம் வோங் ஹூவின் கிரியேட்டிவ் கம்பெனி 1989-ல் கொண்டு வந்த சவுண்ட் பிளாஸ்டர்தான் அதில் ராஜா. 1997 வாக்கில் இன்டெல் 'ஏசி 97' என்று ஒரு விதிமுறை போட்டது. சின்னதாக ஒரு சிப்பை மதர்போர்டிலேயே ஒட்டிவிடலாம், அட்டை தேவையில்லை. எந்த பிராண்டு பெட்டியானாலும் பின்பக்கம் ரோஸ், பச்சை, நீலம் என்று மூன்று ஓட்டைகள் வரத் தொடங்கின.

சில போர்டுகளில் நான்காவதாக ஒன்றும் இருந்தது. சின்ன மூடி போட்ட சதுர ஓட்டை. மூடியைத் தள்ளினால் உள்ளே சிவப்பாக வெளிச்சம். அல்லது டி.வி.க்குப் பின்னால் இருக்குமே, அந்த மாதிரி ஒரு வட்ட சாக்கெட். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய டிஜிட்டல் வழி அது. எஸ்.பி.டி.ஐ.எஃப். என்பார்கள். பலர் அதை என்னவென்றே தெரியாமல் கடைசி வரைக்கும் தொடாமல் விட்டுவிட்டார்கள்.

அதன் உபயோகம் பெரிசு. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஃபேன், ஹார்டு டிஸ்க், பவர் சப்ளை எல்லாம் சேர்ந்து ஒரே சந்தைக்கடை. பச்சை ஓட்டையில் ஸ்பீக்கரைச் செருகினால் மவுஸை நகர்த்தும்போதுகூட 'கிர்ர்' என்று கேட்கும். டிஜிட்டல் வழியில் பாட்டு வெறும் எண்களாக வெளியே போகிறது. எண்ணை ஒலியாக்கும் வேலையை வெளியே இருக்கும் ஆம்பிளிஃபயர் செய்துகொள்ளும். சந்தைச் சத்தம் எண்ணில் ஒட்டாது.

அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள். கேசட்டை மூட்டை கட்டிவிட்டு கம்ப்யூட்டருக்கு மாறிய சவுண்ட் சர்வீஸ்காரர்களும் வீட்டு ரசிகர்களும் செருகிப் பார்த்தார்கள். இரைச்சல் போனது நிஜம். ஆனால் ஜால்ராவில் ஒரு மணல் உரசல். நாதஸ்வரத்தில் ஏதோ ஒரு காரம். கடைக்காரர், "அண்ணே, ஒயர் சரியில்லண்ணே, இந்தத் தங்க முலாம் போட்டதை எடுத்துட்டுப் போங்க" என்பார். அதையும் வாங்கிப் போட்டாயிற்று. மணல் போகவில்லை.

குற்றம் ஒயரில் இல்லை. கணக்கில். அதைப் புரிந்துகொள்ள 1937-க்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் பாரிஸ் நகரத்து டெலிபோன் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயர் விசித்திரமாக ஒன்றை யோசித்தார். (அப்போது வில்லியனூரும் பாகூரும் அதே பாரிஸுக்குக் கட்டுப்பட்டவை.) குரலை அலையாகவே அனுப்பினால் வழியெல்லாம் இரைச்சல் சேர்கிறது. அலையை நொடிக்குப் பல ஆயிரம் தடவை அளந்து, அளவை எண்ணாக்கி, எண்ணை மட்டும் அனுப்பினால்? 1938-ல் பிரெஞ்சு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். வால்வு காலத்தில் அதைச் செய்ய அநியாய செலவு. டிரான்சிஸ்டர் வரும் வரைக்கும் யோசனை காகிதத்தில்தான் பெரும்பாலும் தூங்கியது. 1940-ல் ஜெர்மன் படை நெருங்கவே ரீவ்ஸ் பாரிஸை விட்டு ஓடியது தனிக்கதை.

நொடிக்கு எத்தனை தடவை அளப்பது? மனிதக் காது 20,000 அதிர்வு வரைக்கும் கேட்கும். அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் போதும் என்பது கணிதம். அப்படியானால் 40,000-க்குக் கொஞ்சம் மேலே. சி.டி.க்கு வந்த எண்ணோ 44,100! ஏன் இந்த மொட்டை எண்? எழுபதுகளில் இத்தனை எண்களைக் கொள்ளும் சாதனம் வீடியோ டேப்தான். அமெரிக்க, ஜப்பானிய முறையில் நொடிக்கு 60 தடவை 245 கோடுகள், கோட்டுக்கு 3 எண்கள். பெருக்கிப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் 50 தடவை 294 கோடுகள், அதே 3. இரண்டுக்கும் ஒரே விடை. 1982 அக்டோபரில் ஜப்பானில் சி.டி. விற்பனைக்கு வந்தபோது அந்த டேப்பின் தழும்போடுதான் வந்தது.

சினிமாக்காரர்களும் டி.வி.க்காரர்களும் வேறு எண்ணைப் பிடித்தார்கள்: 48,000. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடினால் ஃபிரேமுக்குச் சரியாக 2,000. கணக்கு சுத்தம். டி.வி.டி.யும் அதையே எடுத்துக்கொண்டது.

இன்டெல்லின் ஏசி 97-ம் 48,000 பக்கம் சாய்ந்தது. 44,100-ஐ நேரடியாக ஏற்கும் வசதி இருக்கலாம், இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றது விதிமுறை. 'இல்லாவிட்டாலும் பரவாயில்லை' என்றால் சிக்கனக்காரர் எதைச் செய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை. விலை அதிகமான சவுண்ட் பிளாஸ்டர் லைவ் அட்டையே 1998-ல் எல்லாவற்றையும் 48,000-க்கு மாற்றித்தான் விழுங்கியது.

நம் பாட்டு சி.டி.யிலிருந்து வந்தது, 44,100. சிப் கேட்பதோ 48,000. ஒவ்வொரு 147 எண்ணுக்கும் 160 எண் புதிதாகச் செய்ய வேண்டும். 147 வடையை 160 இலைக்குச் சமமாகப் பரிமாறச் சொன்னால் என்ன ஆகும்? ஒரு இலைக்கும் முழு வடை கிடைக்காது. நிதானமாக, நல்ல கணிதத்தோடு செய்தால் காதுக்கு வித்தியாசம் தெரியாது. மலிவு சிப் அவசரத்தில் செய்தது. மணல் அங்கிருந்துதான் விழுந்தது. போதாக்குறைக்கு, விண்டோஸ் எக்ஸ்.பி.யில் எல்லாச் சத்தத்தையும் கலக்கும் ஒரு மிக்ஸர் நடுவில் உட்கார்ந்திருந்தது. வால்யூம் ஸ்லைடரை இறக்கினால் அதுவும் எண்ணில்தான் கை வைக்கும். சத்த அலையின் உயரம் பாதியானால் 16 பிட்டில் ஒன்று காலி, மறுபடி பாதியானால் இன்னொன்று.

ஆக வைத்தியம் ரொம்ப மலிவு. கம்ப்யூட்டரில் வால்யூம் முழுசாக, ஈக்வலைசரும் பாஸ் பூஸ்ட்டும் அணைத்து, சத்தத்தை ஆம்பிளிஃபயரில் மட்டும் கூட்டிக் குறைக்க வேண்டும். 48,000 மட்டுமே தெரிந்த பழைய போர்டானால், 2002-ல் வந்த ஃபூபார் 2000 மாதிரி இலவச மென்பொருளிலேயே எண்களை நிதானமாக மாற்றி அனுப்பலாம். மிக்ஸரைத் தாண்டிப் போக ஏஷியோ என்று ஒரு குறுக்குவழி. 2004-ல் இன்டெல்லே ஹை டெஃபினிஷன் ஆடியோ என்று விதியை மாற்றியது. 2007-ல் வந்த விஸ்டாவிலிருந்து, ஒரு மென்பொருள் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு நேராக வெளியே பேசலாம். அதற்குரிய பெட்டியில் ஒரு டிக் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஒயரைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கிராமத்துத் திருவிழாவில் அதுதான் உண்மையான வில்லன். பந்தலில் எர்த் ஒழுங்காக இருக்காது. மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை முறுக்கி எடுத்துவிட்டுச் செருகுவார்கள். அப்புறம் கேபினெட்டைத் தொட்டால் சுரீர். கம்ப்யூட்டர் ஒரு எர்த், ஆம்பிளிஃபயர் வேறொரு எர்த் என்றால் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' நாள் முழுக்க அம்மன் பாட்டோடு சேர்ந்து பாடும். செம்பு ஒயர், தங்க முலாம் பூசியதானாலும் சரி, இந்த உறுமலைக் கடத்தும். சிவப்பு வெளிச்சம் வரும் அந்தச் சதுர ஓட்டை கடத்தாது. தோஷிபா 1983-ல் கொண்டு வந்த டாஸ்லிங்க் அது. வெளிச்சம் போகிற பிளாஸ்டிக் நாருக்குள் மின்சாரம் போக முடியாது. நாருக்குள் வெளிச்சத்தை வளைத்துக் கூட்டிப்போகும் வித்தையை 1954-ல் லண்டனில் ஹாப்கின்ஸோடு சேர்ந்து எழுதியவர் பஞ்சாப் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. சில மீட்டர் நீளத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், மடக்காதீர்கள். எர்த் பின்னை மட்டும் உயிர் போனாலும் பிடுங்காதீர்கள். போவது உங்கள் உயிராக இருக்கும்.

2013-ல் எச்.சி.எல்.லும் விப்ரோவும் சொந்தக் கம்ப்யூட்டர் தயாரிப்பைக் கைவிடுவதாக அறிவித்தன. 147-க்கு 160 கணக்கு மட்டும் வேலையை விடவில்லை. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் சி.டி. பாட்டு 48,000-க்கு மாறித்தான் வெளியே வருகிறது. இப்போதைய சிப்புகளுக்கு வடை பங்கு போடப் பொறுமை இருக்கிறது.