விற்கக் கூடாது, கொடுக்கலாம்
அமெரிக்காவின் மேரிலாந்தைச் சேர்ந்த ரிக் வில்சன் ஒருநாள் மான் வேட்டைக்காக வர்ஜீனியாவின் நாட்டுப்புறச் சாலையொன்றில் போய்க்கொண்டிருந்தார். சாலையோரம் நின்ற பெண் ஒருவர் கையசைத்து நிறுத்தினார். பக்கத்தில் ஒரு மான் செத்துக் கிடந்தது. கார் மோதிவிட்டது போலும் என்று எண்ணி வில்சன் இறங்கினார். அந்தப் பெண் கேட்டதோ வேறு: மானைத் தூக்கித் தன் கார் டிக்கியில் போட ஒரு கை கொடுக்க முடியுமா? சட்டப்படி அப்படி எடுத்துப்போகக் கூடாது என்றார் வில்சன். தானும் பிள்ளைகளும் பட்டினி, சட்டத்தைப் பற்றிக் கவலையில்லை என்றார் அந்தத் தாய். வில்சன் மானைத் தூக்கிப் போட்டார். மிஞ்சும் மான் கறியைப் பசித்தோரிடம் சேர்க்க, 1997-இல் ‘பசித்தோருக்கு உணவளிக்கும் உழவர்களும் வேட்டைக்காரர்களும்’ என்ற பெயரில் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்.

அந்தத் தாய்க்குக் காட்டு மானின் கறி கடையில் கிடைத்திருக்காது. 19-ஆம் நூற்றாண்டில் அப்படி இல்லை. சந்தைக்கென்றே மான்களைச் சுட்டார்கள். ரயில் வந்த பிறகு எந்தக் காட்டில் விழுந்த மானும் நகரத்துக் கடையில் தொங்கியது. 1900 வாக்கில் நாடு முழுவதும் வெண்வால் மான்கள் 5 லட்சத்துக்கும் குறைவாகவே மிஞ்சியிருந்தன என்பது கணிப்பு. அந்த ஆண்டுதான் லேசி சட்டம் வந்தது. களவாக வேட்டையாடியதை மாநிலம் விட்டு மாநிலம் கடத்தி விற்பதை அது தடுத்தது. காட்டு மானின் இறைச்சியை விற்பதற்கே மாநிலங்களும் தடை போட்டன. 1937-இல் துப்பாக்கி, தோட்டா மீதான வரிப்பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்குத் திருப்பிவிடப்பட்டது.

மான்கள் திரும்பின. கிழக்கில் ஓநாய்கள் ஏற்கெனவே அழிந்திருந்ததால் அளவு மீறியே பெருகின. இன்று ஏறத்தாழ 3 கோடி. பயிரை மேய்ந்தன, சாலையில் வாகனங்களில் மோதின. கூடுதலாகச் சுட அரசே அனுமதித்தது. ஆனால் ஒரு வீட்டு ஃப்ரீசரில் எத்தனை மான் கொள்ளும்? மிச்சத்தை விற்கவும் முடியாது. கொடுக்கத்தான் முடியும்.

வாங்கிக்கொள்ளவும் ஆள் இருந்தது. 1967-இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கிய, தானமாக வரும் உணவைச் சேர்த்து ஏழைகளுக்குத் தரும் உணவு வங்கி முறை அதற்குள் நாடெங்கும் பரவியிருந்தது. அங்கே டின் உணவு குவியும், இறைச்சி அரிது. வர்ஜீனியாவில் அறுவடைக்குப் பின் வயலில் மிஞ்சும் உருளைக்கிழங்கைப் பொறுக்கி ஏழைகளுக்கு அனுப்பிவந்த அமைப்பில் பணியாற்றிய டேவிட் ஹார்ன், 1991-இல் மிஞ்சும் மான் கறிக்கும் அதே வழியைத் திறந்தார். பென்சில்வேனியாவிலும் அதே ஆண்டு இதே வேலை தொடங்கியது.

மானைக் கொடுப்பதில் சிக்கலில்லை, கசாப்புக் கூலிதான் இடித்தது. மானைத் தந்தவரே கூலியையும் தருவது எத்தனை நாள் நடக்கும்? நன்கொடை திரட்டினார்கள். அயோவா மாநிலம் மான் வேட்டை உரிமத்தோடு 1 டாலர் சேர்த்து வாங்கி இதற்கென ஒதுக்கியது.

கறிக்கடையில் தோலுரித்து, குண்டு பாய்ந்த இடத்தைச் சுற்றிலும் அறுத்தெறிவார்கள். மான் கொழுப்பு மெழுகுபோல் வாயில் ஒட்டும். அதையும் வழித்தெடுத்துவிட்டு, மிஞ்சும் சிவந்த கறியை அரைத்துக் கொத்துக்கறியாக்குவார்கள். ஒரு மானில் சுமார் 20 கிலோ தேறும்.

அந்தக் கொத்துக்கறியில்தான் 2008-இல் ஒரு பேரதிர்ச்சி. வடக்கு டகோட்டா மருத்துவர் ஒருவர், தானமாக வந்த பொட்டலங்களை சி.டி. ஸ்கேனில் வைத்துப் பார்த்தார். பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஈயத் துணுக்குகள். குண்டு உடைந்து கண்ணுக்குத் தெரியாத தூளாகச் சிதறியிருந்தது. கையிருப்பைக் கொட்டிவிடும்படி மாநில சுகாதாரத் துறை உணவு வங்கிகளுக்குச் சொன்னது. ஏழைப் பிள்ளைகளின் தட்டில் ஈயம் விழலாகாது. அந்த முடிவு சரியானது. செப்புத் தோட்டாவுக்கு மாறுங்கள் என்ற குரல் அதன்பின் வலுத்தது.

தானம் நிற்கவில்லை. வேட்டைப் பருவம் தொடங்கியதும் கறிக்கடைகளின் பின்வாசலில் மான்கள் வந்து இறங்குகின்றன. உணவு வங்கிக்குப் போகும் கொத்துக்கறிப் பொட்டலங்களில் இப்படி அச்சிட்டிருக்கும்: விற்பனைக்கு அல்ல.