மங்காவும் மாயாவியும்: படக்கதைகள் மொழி மாறிய வரலாறு

குண்டலுபேட்டை மூன்று மாநிலத்துப் பேருந்துகளும் நின்று போகும் ஊர். மைசூரிலிருந்து தெற்கே சுமார் 60 கி.மீ. வந்தால் இங்கே சாலை பிரிகிறது. ஒரு கிளை பந்திப்பூர்க் காட்டின் வழியாக ஊட்டிக்கும், மற்றொன்று சுல்தான் பத்தேரிக்கும் போகும். 1997இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிக்கப்படும் வரை மைசூர் மாவட்டத்தில் இருந்த தாலுகா இது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கன்னடம், வீட்டில் தமிழ், சந்தையில் இரண்டும், கூடவே கொஞ்சம் மலையாளமும். பேச்சுத் தமிழ் தானாக வந்துவிடும். எழுத்துத் தமிழ் எப்படி வரும்? என் தலைமுறையில் பலருக்கு அது ஊட்டி பஸ்ஸில் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தமிழ் வார இதழ்களோடு படக்கதைப் புத்தகங்களும் வரும். வீட்டில் பெரியவர்கள் எழுத்துக்கூட்டிச் சொல்லித் தந்தது பாதி, இரும்புக்கை மாயாவி சொல்லித் தந்தது பாதி.

கல்வெட்டும் இலக்கணமும் இடம்பெறும் ஒரு மலரில் பொம்மைக் கதைக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். மொழிபெயர்ப்பு வரலாறு என்று பெயர் வைத்துக் கம்பனையும் வீரமாமுனிவரையும் பேசுகிறோம். பத்து வயதுப் பிள்ளை முதன்முதலில் படிக்கும் மொழிபெயர்ப்பு எதுவென்று யாரும் பேசுவதில்லை. அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை.

முதலில் நம் வட்டாரச் செய்தி ஒன்று. அமர் சித்திரக் கதை என்றால் பம்பாயும் அனந்த் பையும் 1967ஆம் ஆண்டும்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அதன் தொடக்கம் பெங்களூரில், 1965இல், கன்னடத்தில் நிகழ்ந்தது என்று இந்தியா புக் ஹவுஸின் பெங்களூர்க் கிளையைச் சேர்ந்த ஜி.கே. அனந்தராம் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அந்த வரிசையின் முதல் பத்து நூல்கள் நம் புராணக் கதைகள் அல்ல. சிண்ட்ரெல்லா போன்ற மேல்நாட்டுக் கதைகளின் மொழிபெயர்ப்புகள். பதினோராவது எண்ணில்தான் கிருஷ்ணன் வருகிறான். ஆகவே நம் படக்கதை வரலாறே மொழிபெயர்ப்பில் பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை.

அதற்கு முன் 1964இலேயே இந்திரஜால் காமிக்ஸ் வந்துவிட்டது. அதில் நடந்த ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். ஃபேண்டம் வாழும் கற்பனை நாட்டின் பெயர் மூலத்தில் 'பெங்காலா'. வங்காளத்தை நினைவூட்டுகிறதே என்று அதை 'டெங்காலி' ஆக்கினார்கள். 'சிங்' கடற்கொள்ளையர் 'சிங்கா' கொள்ளையர் ஆனார்கள். நாயகனுக்கோ தமிழில் மட்டும் இரண்டு பெயர்: இந்திரஜாலில் அவர் வேதாளர், பிற்பாடு ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவி. எந்தப் பெயரில் முதலில் படித்தாரோ அதுதான் அசல் என்று ஒவ்வொரு வாசகரும் இன்றும் சண்டைக்கு நிற்பார்.

சிவகாசியில் மு. சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ் 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு வந்தது. 1962இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கிய 'தி ஸ்டீல் கிளா' தான் அதன் மூலம். வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல், மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கை மட்டும் தெரிய நடமாடுவார். படம் வரைந்தவர் ஹெஸூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் நாட்டவர். அந்தக் காலத்து ஆங்கில வார இதழ்கள் கதாசிரியர், ஓவியர் பெயரையே அச்சிடுவதில்லை. ஆகவே தமிழ் வாசகருக்கும் தெரியவில்லை. 'ஸ்பைடர்' கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மூல ஆசிரியரை மறந்து மொழிபெயர்ப்பை மட்டும் கொண்டாடிய வாசகர் கூட்டம் நம்முடையது. இதில் எனக்குப் பெருமையும் உண்டு, கூச்சமும் உண்டு.

1984 ஜூலையில் 'கத்தி முனையில் மாடஸ்டி'யோடு லயன் காமிக்ஸ் வந்தது. சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் ஆசிரியர். அவர் வழியாக இத்தாலியக் கௌபாய் டெக்ஸ் வில்லர் தமிழுக்கு வந்தார். இத்தாலிய மூலத்தில் டெக்ஸ் தன் மூத்த நண்பர் கார்சனைக் கிண்டலாக 'கிழட்டு ஒட்டகமே' என்ற பொருளில் அழைப்பார். தமிழில் அது 'பெருசு' ஆயிற்று. ஒட்டகம் போனது, உறவு நின்றது. நல்ல மொழிபெயர்ப்புக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறிய உதாரணம் இதுதான்.

இனி ஜப்பானுக்கு வருவோம். அங்கே படக்கதைக்கு 'மங்கா' என்று பெயர். போருக்குப் பிந்தைய வறுமையில், காசு கொடுத்து வாங்க முடியாத பிள்ளைகளுக்காக வாடகைப் புத்தகக் கடைகள் இருந்தன. அவற்றுக்கென்றே தனியாக மங்கா வரைந்து அச்சிட்டார்கள். அந்தப் பழைய மங்கா ஆங்கிலத்துக்குப் போன கதை நமக்குப் பாடமானது.

1976இல் ஜப்பானிய அமைதி ஆர்வலர்கள் சிலர் அமெரிக்காவில் ஒரு நெடும் அமைதி நடைப்பயணத்தில் கலந்துகொண்டார்கள். ஹிரோஷிமாவைப் பற்றி வழியில் கேட்டவர்களுக்குக் காட்ட அவர்கள் கையில் இருந்தது 'ஹதாஷி நோ கென்', அதாவது 'வெறுங்கால் கென்'. அணுகுண்டு விழுந்தபோது ஆறு வயதுச் சிறுவனாக ஹிரோஷிமாவில் இருந்து, உயிர் பிழைத்த கெய்ஜி நகஸாவா 1973 முதல் வரைந்த தொடர் அது. நாடு திரும்பியவர்கள் 'புராஜெக்ட் கென்' என்று ஒரு தொண்டர் குழு அமைத்து, சம்பளம் வாங்காமல் மொழிபெயர்த்தார்கள். ஆங்கிலத்துக்கு முழுநூலாகப் போன ஆரம்பகால மங்காக்களில் ஒன்று இது. வணிகர் அல்ல, வாசகரே தொடங்கி வைத்த வேலை! பிற்பாடு டெல்லியில் வாழ்ந்த டோமோகோ கிகுச்சி என்ற ஜப்பானியப் பெண்மணி இதை 'நங்கே பைர் கென்' என்று இந்தியில் பெயர்த்தார்.

ஆங்கிலப் பதிப்பாளர்களுக்குப் பெரிய தலைவலி பக்கம்தான். மங்கா வலமிருந்து இடமாகப் படிப்பது. அமெரிக்க வாசகருக்காகப் பக்கங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி அச்சிட்டார்கள். 1988இல் மார்வெல் நிறுவனம் வெளியிட்ட 'அகிரா' அப்படித்தான் வந்தது. என்ன ஆகும்? சாமுராய் எல்லாரும் இடக்கையர் ஆகிவிடுவார்கள். கிமோனோவில் இடப்பக்கம் மேலே வர வேண்டும். திருப்பினால் வலப்பக்கம் மேலே வரும். அது பிணத்துக்கு உடுத்தும் முறை! நம் கல்யாணப் படத்தைத் திருப்பிப் போட்டு, பெரியவர்கள் இடக்கையால் அட்சதை தூவுவதுபோலக் காட்டினால் நமக்கு எப்படி இருக்கும்? 2002இல் டோக்கியோபாப் என்ற நிறுவனம் இனித் திருப்பப் போவதில்லை என்று அறிவித்தது. வாசகர்கள் அதற்குள் பழகிவிட்டார்கள்.

இந்தியாவைத் தொட்ட மங்கா வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் யூகிச்சி யாமமாட்சு. ஐம்பது வயதைத் தாண்டிய ஓவியர். ஆங்கிலமும் தெரியாது, இந்தியும் தெரியாது. மங்காவை இந்தியில் பெயர்த்து விற்றுப் பிழைக்கலாம் என்று 2004இல் டெல்லியில் வந்து இறங்கினார். அவர் தேர்ந்தெடுத்த நூல் ஹிரோஷி ஹிராட்டா வரைந்த 'சிதருமா கென்போ'. வாடகைக் கடைகளுக்காக 1962இல் வரையப்பட்டது. ஜப்பானில் தீண்டாமைக்கு ஆளான 'புராக்கு' மக்களில் பிறந்த ஒரு வாள்வீரனின் பழிவாங்கும் கதை. புராக்கு விடுதலை இயக்கத்தின் எதிர்ப்பால் அது கடைகளிலிருந்து மறைந்தது. மறுபதிப்பு வர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. யாமமாட்சு அதை இந்தியில் பெயர்க்கச் செய்து, அச்சிட்டு, டெல்லித் தெருவில் நின்று விற்றார். விற்பனை படுதோல்வி. ஊர் திரும்பி, அந்தத் தோல்வியையே ஒரு மங்காவாக வரைந்தார். 2008இல் ஜப்பானில் வெளியானது. அதை 'ஸ்டுப்பிட் கை கோஸ் டு இந்தியா' என்று ஆங்கிலத்தில் வெளியிட்டது எந்த ஊர் என்று நினைக்கிறீர்கள்? நம் சென்னை. தமிழ்ப் பாக்கெட் நாவல்களை 2008இல் ஆங்கிலத்தில் தொகுத்த பிளாஃப்ட் பதிப்பகம். மொழிபெயர்த்தவர் குமார் சிவசுப்பிரமணியன்; அமெரிக்காவின் டார்க் ஹார்ஸ் நிறுவனத்துக்கு 'ஓல்ட் பாய்' முதலிய மங்காக்களை ஆங்கிலத்தில் தந்தவர்.

ஹிராட்டாவின் அந்த மூலநூல் ரயன் ஹோம்பெர்க்கின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்கு வந்தது 2019இல். கணக்குப் பாருங்கள்: இந்தி முந்திக்கொண்டது, அதுவும் 15 ஆண்டுகள். பிறப்பால் இழிவு என்றால் என்னவென்று அமெரிக்க வாசகருக்கு முன்னுரை எழுதி விளக்க வேண்டும். நம் நாட்டில் அந்த முன்னுரைக்கு வேலையே இல்லை. ஆங்கிலத்தின் வழியாகத்தான் உலகம் நமக்கு வர வேண்டுமென்ற நினைப்பை அந்தத் தெரு வியாபாரி உடைத்துவிட்டார் என்றே கருதுகிறேன்.

தமிழுக்கு இது இன்னும் பொருந்தும். ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்ற அறிஞர் பல்லாண்டு ஆராய்ந்தார். யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியர் அவரோடு உழைத்தார்கள். மொழியியலாளர் பெரும்பாலோர் அக்கருத்தை ஏற்கவில்லை. நானும் அதில் தலையிட மாட்டேன். ஆனால் மொழிபெயர்ப்பவனுக்குப் பிறப்புறவு எதற்கு? ஒத்துப்போனால் போதும். இரண்டு மொழியிலும் வினை கடைசியில் வருகிறது. ஒரே வாக்கியத்தை மூன்று பேச்சுக் குமிழிகளில் பிரித்துப் போட்டிருந்தால், ஆங்கிலத்தில் வரிசை தலைகீழாகும்; படத்தில் அழுகிறவன் முகத்துக்குமேல் வேறு சொல் வந்து உட்காரும். தமிழில் அப்படியே போகும். 'அனி' என்றால் அண்ணன், 'ஓட்டோட்டோ' என்றால் தம்பி. ஆங்கிலத்துக்கோ இரண்டும் 'பிரதர்' தான். பெயருக்குப்பின் வரும் 'சான்', 'சாமா', 'குன்' என்பவற்றை என்ன செய்வதென்று ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் ஆளுக்கொரு வழி போகிறார்கள். நமக்கோ 'ஐயா', 'அண்ணே', 'டா' என்று கை நிறைய உண்டு.

ஒலிக்குறிப்பு இன்னும் சுவையானது. இதயம் துடித்தால் 'டோகிடோகி', மின்னினால் 'கிராகிரா'. சத்தமே இல்லாத தோற்றத்துக்கும் நிலைக்கும்கூட ஜப்பானியரிடம் சொல் உண்டு. ஆங்கிலம் இங்கே திணறுகிறது. தொல்காப்பியர் காலத்திலிருந்தே இரட்டைக்கிளவி வைத்திருக்கும் நமக்குப் 'படபட', 'மினுமினு', 'திருதிரு' எல்லாம் வாயில் தயாராக இருக்கின்றன.

இடைஞ்சலும் உண்டு, மறைக்கக் கூடாது. ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழ் இறங்குவதால் குமிழி ஒல்லியாக, நெட்டையாக இருக்கும். நம் சொற்களோ நீளவாக்கில் ஓடுபவை. 'பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்ற ஒரே சொல்லை அந்தக் குமிழிக்குள் அடைக்க நான்கு இடத்தில் வெட்ட வேண்டும். பேச்சுத் தமிழில் 'பாத்துட்டிருக்காங்க' என்றால் கொஞ்சம் அடங்கும். செந்தமிழ் அன்பர்கள் மன்னிக்க. இங்கே குமிழியின் அகலம்தான் இலக்கணம்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் எட்டாம் வகுப்பு. தமிழ் சரளமாகப் பேசுவான், ஓர் எழுத்துப் படிக்கத் தெரியாது. மங்காவை ஆங்கிலத்தில் படிக்கிறான். 'வெறுங்கால் கென்' முதல் தொகுதியை நான்தான் கொடுத்தேன். மூன்றாம் நாள் வந்து, "தாத்தா, குட்டிப் பையன் இவனை எப்பப் பாத்தாலும் 'கென், கென்'னுதான் கூப்பிடறான். அண்ணனைப் போய் யாராவது பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களா?" என்றான். மூலத்தில் தம்பி ஷின்ஜி 'அஞ்சான்' என்றுதான் அழைக்கிறான், அண்ணா என்று பொருள் என்றேன். "பாத்தீங்களா!" என்று ஆங்கில மொழிபெயர்ப்பாளரைக் கையும் களவுமாகப் பிடித்ததுபோல் குதித்தான்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பக்கம் செய்கிறோம். அச்சுக்கு அல்ல, உரிமை அவர்களுடையது. வீட்டுக்குள் படிக்க மட்டும். ஜப்பானியச் சொல் எங்காவது தெரிய வேண்டுமென்றால் அகராதி வைத்து நான் பார்க்கிறேன். தமிழ் வசனம் அவன் வாயிலிருந்து வருகிறது. ஆனால் அவன் எழுதுவது கன்னட எழுத்தில்! தமிழ் எழுத்தில் 'கென்' என்று எழுதினால் அழுத்திப் படிப்பதா மென்மையாகப் படிப்பதா என்ற குழப்பம் வரும். கன்னடத்தில் வராது என்று என்னிடமே வாதாடுகிறான். வாதம் சரிதான், மறுக்க முடியவில்லை. கன்னட எழுத்தில் அவன் எழுதியதை நான் பென்சிலால் தமிழ் எழுத்தில் பக்கத்திலேயே எழுதிவைக்கிறேன். தான் சொன்ன வசனம்தானே, அதனால் எழுத்து தெரியாவிட்டாலும் எது எந்தச் சொல் என்று யூகித்துவிடுகிறான். 'அ', 'ண', 'ம்' மூன்றும் இப்போது தடையில்லாமல் வருகின்றன. 'ழ' வந்தால் நிற்கிறான்.

பதினோரு பக்கம் முடிந்திருக்கிறது. பன்னிரண்டாவதில் ஒரு கட்டம். யாரும் பேசவில்லை. மூலத்தில் 'ஷீன்' என்று மட்டும் இருக்கிறது; மௌனத்துக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் ஒலி. நான் 'நிசப்தம்' என்றேன். அது ஒலி இல்லை, அர்த்தம் என்று தள்ளிவிட்டான். அவன் 'கப்சிப்' என்றான். அது சிரிக்க வைக்கிறது, இங்கே சிரிக்கக் கூடாது என்று நான் தள்ளிவிட்டேன். அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கிறது. பொருத்தமான சொல் தெரிந்த அன்பர்கள் சங்கத்தில் என்னைப் பார்க்கும்போது சொல்லலாம்.