நிறமிலாப் பொருளும் நிறச்சொற்களும்: நீர்ம வண்ணப்பிரிகையில் அலைநீளத் தேர்வின் வரலாறு

அறிவியலில் செயல்முறை மாறும், கருவி மாறும், சொல் மட்டும் பழைய வடிவத்திலேயே நின்றுவிடுவதுண்டு. பகுப்பாய்வு வேதியியலில் இதற்குத் தக்க சான்று ‘வண்ணப்பிரிகை’ என்னும் சொல்லாகும். இன்று மருந்தாய்வுக் கூடங்களில் இம்முறையால் பிரிக்கப்படும் பொருள்களுள் பெரும்பாலானவை நிறமற்றவை. அவற்றைக் கண்டறிய உதவும் புறஊதா ஒளியும் கண்ணுக்குப் புலப்படாதது. எந்த அலைநீளத்தில் கண்டறிவது என்னும் தேர்வின் வரலாற்றை அறியாத மொழிபெயர்ப்பாளர், சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தும் பொருளில் வழுவ இடமுண்டு. அவ்வரலாற்றையும் அதனால் எழும் மொழிச் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. நிறத்தில் தொடங்கிய சொற்கள்

வார்சாவில் பணியாற்றிய தாவரவியலாளர் மிகையீல் த்ஸ்வெட் 1903இல் தம் முறையை முதன்முதலில் அறிவித்தார். 1906இல் அதற்குப் பெயரிட்டார். சுண்ணாம்புத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் வழியே இலைச்சாற்றைச் செலுத்தியபோது பச்சையும் மஞ்சளுமாகத் தனித்தனிப் பட்டைகள் தோன்றின. நிறம், எழுத்து என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அவர் பெயரமைத்தார். அவருடைய குடும்பப் பெயருக்கும் உருசிய மொழியில் ‘நிறம்’ என்பதே பொருள். அங்குக் கண்ணே உணர்கருவியாக இருந்தமையால் அலைநீளம் பற்றிய வினா எழவில்லை. எனினும், நிறமற்ற பொருள்களும் இம்முறைக்கு உட்படும் என்பதை அவர் 1906ஆம் ஆண்டிலேயே உணர்ந்திருந்தார்.

அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன், 1801இல், யேனா நகரில் யோகான் வில்லெல்ம் ரிட்டர் நிறமாலையின் ஊதா விளிம்புக்கு வெளியே, ஒளி தென்படாத இடத்தில், வெள்ளிக் குளோரைடு கருமையடைவதைக் கண்டார். வேதிவினையைச் சுட்டி அவர் இட்ட பெயர் வழக்கில் நிலைக்கவில்லை. ஊதாவுக்கு அப்பாலுள்ளது என்னும் இடக்குறிப்பே பின்னர்ப் பெயராயிற்று. தமிழகத்தின் ‘புறஊதா’வும் இலங்கையின் ‘கழியூதா’வும் அவ்வழியில் அமைந்தவையே.

மூன்றாவது சொல் சாயத் தொழிலோடு ஒட்டிப் பிறந்தது. சேர்மங்களின் நிறத்துக்குக் காரணமான அணுத்தொகுதிக்கு ஒட்டோ விட் 1876இல் ‘நிறந்தாங்கி’ என்னும் பொருள்படும் பெயரை இட்டார். இன்று இச்சொல் புறஊதாவை மட்டுமே உட்கவரும் தொகுதிகளுக்கும் வழங்குகிறது. பென்சீன் வளையம் நிறந்தாங்கி எனப்படுகிறது, பென்சீனுக்கோ நிறமில்லை.

2. விளக்கு தேர்ந்த அலைநீளம்

1960களில் நீர்ம வண்ணப்பிரிகைக்குப் புறஊதா உணர்கருவிகள் வந்தன. அவற்றின் ஒளிமூலம் தாழ் அழுத்தப் பாதரச விளக்கு. அது வெளியிடும் புறஊதாவின் பெரும்பகுதி 253.7 நானோமீட்டர் என்னும் ஒரே கோட்டில் அமைகிறது. ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் அமைப்பு தேவைப்படாமையால் கருவி எளிதாயிற்று, விலையும் குறைந்தது. அரோமாட்டிக் சேர்மங்கள் பலவும் 254இல் ஓரளவேனும் உட்கவர்வதால் அந்த எண் பொது வழக்காயிற்று. புரதங்களுக்கு 280 பயன்பட்டது. 254 என்பது ஆய்வுப் பொருளின் இயல்பை நோக்கித் தேர்ந்த எண்ணன்று. விளக்கு தந்த எண்ணாகும்.

டியூட்டீரிய விளக்கும் கீற்றணியும் சேர்ந்த கருவிகளில் அலைநீளத்தை விரும்பியவாறு அமைக்க முடிந்தது. 1982இல் ஹ்யூலட் பேக்கார்டு நிறுவனம் ஒளிடையோடு வரிசை உணர்கருவியை வெளியிட்டபின், ஒரே ஓட்டத்தில் முழு நிறமாலையையும் பதிவு செய்வது இயல்வதாயிற்று. ஆயினும் 254 செய்முறைக் குறிப்புகளிலிருந்து மறையவில்லை. ‘அலைநீளம் தேர்ந்தெடுக்கப்பட்டது’ என்னும் செயப்பாட்டு வாக்கியம், தேர்ந்தது ஆய்வாளரா, பழைய விளக்கா என்பதை மறைத்துவிடுகிறது.

3. தேர்வை அமைக்கும் காரணிகள்

முதலாவது, பொருளின் உட்கவர் இயல்பு. காஃபீன் 273 நானோமீட்டர் அளவில் மிகுதியாக உட்கவர்கிறது. பாரசிட்டமாலின் பெருமம் அமிலக் கரைசலில் ஏறத்தாழ 243. காரக் கரைசலில் 257. ஆகவே கரைசலின் தன்மையைக் கூறாமல் எண்ணை மட்டும் கூறுவது குறையுடையது. இரண்டாவது, கரைப்பானின் எல்லை. அசிட்டோநைட்ரில் ஏறத்தாழ 190 வரையிலும், மெத்தனால் 205 வரையிலும் ஒளியை விடுகின்றன; அசிட்டோனோ 330க்குக் கீழே மறைத்துவிடுகிறது. மூன்றாவது, ஆய்வின் நோக்கம். 210ஐ ஒட்டிய குறைந்த அலைநீளங்களில் பல பொருள்கள் உட்கவர்வதால் மாசுகளைத் தேடுவதற்கு அவை ஏற்றவை. ஆனால் பின்னணி இரைச்சல் மிகும். உயர்ந்த அலைநீளங்களில் குறிப்பிட்ட சில பொருள்களே தென்படும்.

மருந்திலுள்ள ஒரு மாசு, தேர்ந்த அலைநீளத்தில் சிறிதே உட்கவருமாயின், உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். சற்றும் உட்கவராதாயின் தோன்றவே தோன்றாது. இத்தேர்வின் பொறுப்பு இங்குதான் உள்ளது.

4. மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்கள்

நிறமாலையில் அலைநீள அச்சின்மேல் எழும் மேட்டையும், பிரிகைப் படத்தில் கால அச்சின்மேல் எழும் மேட்டையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிக்கிறது. தமிழில் இரண்டையும் ‘உச்சி’ என்றால், ‘உச்சியில் அலைநீளத்தைத் தேர்க’ என்னும் அறிவுரை இருபொருள்படும். முன்னதை ‘உட்கவர் பெருமம்’ என்றும் பின்னதை ‘முகடு’ என்றும் பிரித்து வழங்குவது தெளிவு தரும். குழாயினுள் நிகழும் பரப்புக்கவர்தலும் உணர்கருவியில் நிகழும் உட்கவர்தலும் இவ்வாறே பிரித்துணர வேண்டியவை.

இதனினும் நுட்பமானது ‘காணப்படு’ என்னும் வினை. தமிழ் உரைநடையில் ‘இப்பகுதியில் யானைகள் காணப்படுகின்றன’ என்பதற்கு ‘உள்ளன’ என்பதே பொருள். எனவே ‘மாசு காணப்படவில்லை’ என்னும் ஆய்வறிக்கைத் தொடர், ‘மாசு இல்லை’ என்றே படிப்போர் மனத்தில் பதியும். கருவி கூறுவதோ, ஒரு குறிப்பிட்ட ஒளியில் அது தென்படவில்லை என்பது மட்டுமே. ‘254 நானோமீட்டரில் மாசு எதுவும் கண்டறியப்படவில்லை’ என எழுதும்போது கூற்றின் எல்லை கூற்றுக்குள்ளேயே அமைந்துவிடுகிறது. அந்த எண்ணை அடைப்புக்குறிக்குள்ளோ அட்டவணையிலோ ஒதுக்காமல் வாக்கியத்தின் உறுப்பாகவே பெயர்ப்பது நலம்.