தாழ்வானத்தின் உரிமை: பாலக்காடு – இடுக்கி எல்லை நிலங்களில் ட்ரோனைச் சுடுதலும் சட்டமும்

1. சிக்கல்

2023 ஏப்ரல் 29 அன்று கேரளத்தின் இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் யானை, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. நான்கே வாரத்தில் அது மலையிறங்கி, மே 27 அன்று தமிழ்நாட்டின் தேனி மாவட்டம் கம்பம் நகருக்குள் புகுந்தது. தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டது. யானை ஒரு தோப்பில் ஒதுங்கியிருந்தபோது, படமெடுக்க ஒருவர் பறக்கவிட்ட ட்ரோன் அதை மிரள வைத்தது. காவல்துறை அவர்மீது நடவடிக்கை எடுத்தது.

அந்தத் தோப்பு தனியார் நிலம் என்றும், அதன் உரிமையாளரிடம் பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தது என்றும், யானை ஆட்களை மிதித்துவிடுமோ என்று அஞ்சி அவர் அந்த ட்ரோனைச் சுட்டு வீழ்த்தினார் என்றும் வைத்துக்கொள்வோம். அவர் குற்றவாளியா? சாதாரண நாளில், படமெடுக்கும் ஆசையில் யாரோ விட்ட ட்ரோன் ஏலத்தோட்டத்து லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசைவீட்டின், குளியல் மறைப்புக்கு மேல் நின்று சுற்றினால் இதே கேள்விக்கு விடை மாறுமா?

இக்கட்டுரையின் வாதம் இரண்டு பகுதி கொண்டது. முதலாவது, நிலவுடைமையாளருக்குத் தன் தலைக்கு மேலுள்ள தாழ்வானத்தில் உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமையைத் துப்பாக்கியால் நிலைநாட்டும் அதிகாரம் அவருக்கு இல்லை. இரண்டாவது, துப்பாக்கியை மறுக்கும் சட்டம் அதற்கு ஈடான வேறு வழியைத் தந்திருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் அதைத் தரவில்லை.

2. வானம் யாருக்கு?

நிலம் வைத்திருப்பவனுக்கு வானமும் பாதாளமும் சொந்தம் என்ற பழைய ரோமானிய – ஆங்கிலேய வாய்ப்பாடு விமானம் வந்ததோடு செத்துப்போனது. 1946இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காஸ்பி வழக்கில் அதை வெளிப்படையாகக் கைவிட்டது. வட கரோலினாவில் ஒரு கோழிப்பண்ணைக்கு மேல் 83 அடி உயரத்தில் ராணுவ விமானங்கள் பறந்தன; மிரண்ட கோழிகள் சுவரில் மோதிச் செத்தன. வானம் முழுவதும் பண்ணைக்காரருக்குச் சொந்தமில்லை. ஆனால் நிலத்தை அனுபவிப்பதற்குத் தேவையான அளவு வானம் அவருடையதே என்றது நீதிமன்றம். 1977இல் இங்கிலாந்தில் பெர்ன்ஸ்டீன் வழக்கில் நீதிபதி கிரிஃபித்ஸ் இதே அளவுகோலைப் பயன்படுத்தி, வீட்டை வானிலிருந்து ஒரே ஒரு முறை படமெடுத்தது அத்துமீறல் அல்ல என்றார். அதோடு நிறுத்தாமல், ஒருவரின் ஒவ்வொரு அசைவையும் வானிலிருந்து தொடர்ந்து படமெடுத்தால் அதைத் தொல்லை என்று நீதிமன்றம் கருதக்கூடும் என்றும் சொல்லிவைத்தார். அன்று அது ஒரு கற்பனை. இன்று 249 கிராம் எடையுள்ள கருவி அதைச் செய்கிறது.

இந்தியச் சட்டமும் இதே தடத்தில்தான் போகிறது. 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, காற்றும் வானிலையும் சூழ்நிலையும் கருதி நியாயமான உயரத்தில் ஒரு வானூர்தி பறந்தது என்பதற்காக மட்டும் அத்துமீறல் வழக்கோ தொல்லை வழக்கோ தொடுக்க முடியாது என்றது. 2025 ஜனவரி 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய வாயுயான் அதிநியம், 2024 நிற்கிறது. அந்த வழக்குத் தடையின் சொற்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ‘நியாயமான உயரம்’ என்பது ஒரு நிபந்தனை. ‘பறந்ததற்காக மட்டும்’ என்பது இன்னொன்று. தாழப் பறந்தாலோ, பறந்ததோடு நில்லாமல் படமெடுத்தாலோ, மருந்து தெளித்தாலோ தடை விலகி, உரிமையியல் நீதிமன்றத்தின் கதவு திறந்துவிடுகிறது.

மேலைநாட்டுத் தீர்ப்புகளை நாடாமலே இந்த முடிவுக்கு வரலாம். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், அதாவது வழக்கறிஞர்கள் ஈஸ்மெண்ட் ஆக்ட் என்று சொல்வது, தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்துக்குப் பொருந்தியது. மலபார் மாவட்டத்தோடு பாலக்காடும் அதற்குள் வந்தது. அதன் 7ஆம் பிரிவின் எடுத்துக்காட்டுகளில் ஒன்று, தன் நிலத்துக்கு வரும் காற்று பிறரால் அளவுமீறி மாசுபடாதிருக்கும் உரிமையைச் சொல்கிறது. 18ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு ஒன்று, அண்டை வீட்டாரின் அந்தரங்கம் கெடும்படி புதுச் சன்னல் திறக்கக்கூடாது என்ற ஊர் வழக்கத்தைச் சட்டமாக ஏற்கிறது. ட்ரோன் என்பது நகரும் சன்னல். அண்டைவீட்டுச் சன்னலைக் கேள்வி கேட்ட மரபு, வானத்துச் சன்னலைக் கேட்காமல் விடக் காரணமில்லை.

3. மலையில் உயரம் என்றால் என்ன?

ட்ரோன் விதிகள் பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன்னனுமதியின்றிப் பறக்க விடுகின்றன. இதில் உச்சி வரம்பு உண்டு. அடி வரம்பு இல்லை. 119 மீட்டரிலும் பறக்கலாம், கூரை ஓட்டை உரசிக்கொண்டும் பறக்கலாம். ‘நியாயமான உயரம்’ எது என்று விதிகள் வாய் திறக்கவில்லை.

சமவெளியில் இந்த மௌனத்தைச் சமாளித்துவிடலாம். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தென்னந்தோப்பை எடுத்துக்கொள்வோம். கள் இறக்கும் தொழிலாளி நாள்தோறும் தரையிலிருந்து பதினைந்து, இருபது மீட்டர் உயரத்தில் பாளையைச் சீவிக்கொண்டிருக்கிறார். அவருக்கு மரத்தின் உச்சிதான் பணியிடம். ஒரு கை மட்டையைப் பிடித்திருக்க, முகத்தருகே நான்கு விசிறிகள் சுழன்றால் என்ன ஆகும் என்பதற்கு வல்லுநர் சாட்சி வேண்டாம். காஸ்பி, பெர்ன்ஸ்டீன் வழக்குகளின் அளவுகோல்படி இங்கே தென்னையின் தலைவரையாவது வானம் நிலத்தின் பகுதி.

மலையில் கணக்கே வேறு. போடிமெட்டு, கம்பம்மெட்டு போன்ற இடங்களில் மேட்டின் விளிம்பில் நின்று ட்ரோனைக் கிடைமட்டமாக விட்டால், சில நொடிகளில் அது அடிவாரத்து நிலத்துக்குப் பல நூறு மீட்டர் மேலே இருக்கும். விட்டவர் கையிலுள்ள திரை ‘பூச்சியம்’ என்று காட்டும். தரையிலிருந்து அளந்தாலோ 120 மீட்டர் வரம்பு எப்போதோ மீறப்பட்டிருக்கும். தலைகீழாகவும் நடக்கும். பள்ளத்திலிருந்து விதிப்படி 100 மீட்டர் எழும்பிய ட்ரோன், சரிவில் மேலே இருக்கும் லயத்தின் சன்னலுக்கு நேர்மட்டத்தில் நிற்கும். விதி மீறப்படவில்லை, வீட்டின் உள்ளறை தெரிகிறது. ஆகவே மலைநிலத்தில் உயரத்தைப் புறப்பட்ட இடத்திலிருந்து அளப்பது பொருளற்றது. கீழே இருக்கும் தரையிலிருந்து அளப்பதும் போதாது. பக்கவாட்டுத் தொலைவும் சேர்ந்தால்தான் ‘நியாயமான உயரம்’ என்ற சொல்லுக்குப் பொருள் கிடைக்கும்.

4. துப்பாக்கி ஏன் கூடாது?

உரிமை இருக்கிறது என்றால் அதைக் காக்கும் தற்காப்புரிமையும் இருக்க வேண்டுமே என்பது எதிர்வாதம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 35ஆம் பிரிவு உடலையும் சொத்தையும் காக்க உரிமை தருவது உண்மை. சொத்தைப் பொறுத்தவரை அது திருட்டு, கொள்ளை, சேதம் விளைவித்தல், குற்ற அத்துமீறல் ஆகிய நான்கிற்கு எதிராக மட்டுமே. குற்ற அத்துமீறலுக்கு ஓர் ஆள் நிலத்துக்குள் நுழைய வேண்டும். ட்ரோன் நுழைந்ததை ஆள் நுழைந்ததாகக் கொள்ள 329ஆம் பிரிவின் சொற்கள் இடம் தரவில்லை. மற்ற மூன்றும் படமெடுக்கும் ட்ரோனுக்குப் பொருந்தா.

உடல் காப்பு என்ற வழி நுட்பமானது; அந்த உரிமை உடலைப் பாதிக்கும் குற்றத்துக்கு எதிராகத்தான் எழும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பெண்ணை ஒளிந்து பார்த்துப் படமெடுக்கும் குற்றம் 354சி என்ற எண்ணில், ‘மனித உடலைப் பாதிக்கும் குற்றங்கள்’ என்ற அத்தியாயத்துக்குள் இருந்தது. புதிய சட்டத்தில் அது 77ஆம் பிரிவாகி, பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களின் ஐந்தாம் அத்தியாயத்துக்குப் போய்விட்டது. உடலைப் பாதிக்கும் குற்றங்கள் ஆறாம் அத்தியாயம். இடம் மாறியதால் தற்காப்புரிமை சுருங்கிவிட்டதா என்று கேட்க இடமுண்டு. பெண்களுக்குக் கூடுதல் காப்பு தரச் செய்த மாற்றத்தை அவர்களுக்கு எதிராகப் படிக்கக்கூடாது என்பது என் கருத்து. அவர்களுக்குச் சாதகமாகப் படித்தாலும் 37ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. அதிகாரிகளை நாட நேரமிருந்தால் தற்காப்புரிமையே கிடையாது. திரையை இழுத்துவிட்டால், உள்ளே போய்விட்டால் தீரும் தொல்லைக்குத் தோட்டா தேவையான அளவு ஆகாது.

சுட்டவர் மீது வரக்கூடிய குற்றங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ட்ரோனின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் 324ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை. ஆயுதச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட விதிப்படி, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அசட்டையாகச் சுட்டால் இரண்டாண்டு வரை. பயிர்காப்புக்கெனப் பெற்ற உரிமம் பயிர்காப்புக்கு மட்டுமே. தன் வயலை உழுதுபோடும் காட்டுப்பன்றியைச் சுடவே, 2022இல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் தந்தபின், அவர்களிடம் அனுமதி பெற வேண்டியிருக்கிறது. பன்றிக்கு அனுமதி கேட்க வேண்டியவர் ட்ரோனுக்குத் தானே அனுமதி தந்துகொள்ள முடியாது.

1982ஆம் ஆண்டு வான்போக்குவரத்துப் பாதுகாப்புக்கு எதிரான செயல்களை ஒடுக்கும் சட்டம் இன்னும் கடுமையானது: பணியிலுள்ள வானூர்தியை வேண்டுமென்றே அழித்தால் ஆயுள் தண்டனை. 1971ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையை நிறைவேற்ற வந்த இச்சட்டம், தரைப்பணியாளரும் விமானக் குழுவும் ஆயத்தம் செய்யும் ஊர்தியை மனதில் கொண்டது. கால் கிலோ கருவிக்கு ஆயுள் தண்டனை என்று நீளும் வாசிப்பை நீதிமன்றம் ஏற்கக்கூடாது. ஆனால் ஆளில்லா ஊர்தியை அச்சட்டத்தின் சொற்கள் வெளிப்படையாக விலக்கவும் இல்லை என்பதைத் துப்பாக்கி தூக்குபவர் அறிந்திருக்க வேண்டும்.

சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பொருளியல்பையே பார்ப்போம். 900 கிராம் ட்ரோன் 60 மீட்டரிலிருந்து விழுந்தால், காற்றின் தடையைக் கணக்கிடாவிட்டால், மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தரையைத் தொடும். அதன் லித்தியம் மின்கலம் உடைந்தால் தீப்பற்றும். 2018 மார்ச் 11 அன்று எல்லைக்குச் சற்றுக் கீழே குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீ 20க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அந்தக் காய்ந்த புல்மேட்டில் எரியும் மின்கலத்தை வீழ்த்துவது எந்த அந்தரங்கத்தையும் காக்காது. வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோனைச் சுட்டால் தொட்டி முழுவதும் சுட்டவர் நிலத்திலேயே கொட்டும். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்ததன் விளைவை அறிந்த கேரளத்தில், வானிலிருந்து விழும் மருந்து பற்றிய அச்சம் நியாயமானது. அந்த அச்சத்துக்குரிய மருந்து தடையாணை வழக்கில் இருக்கிறது.

யாருடைய ட்ரோன் என்பது கீழிருந்து தெரியாது என்பதும் முக்கியம். 2022 நவம்பர் 1 அன்று தொடங்கிய கேரளத்தின் டிஜிட்டல் நில மறுஅளவையில் ட்ரோன்களும் பயன்படுகின்றன. நிலப்பட்டா கிடைக்காமல் தலைமுறைகளாகக் காத்திருக்கும் இடுக்கிக் குடியானவருக்கு வானத்துக் கருவி என்றாலே வயிற்றில் புளி கரைக்கும். ஆனால் அரசுக் கருவியைச் சுட்டால், பொதுச் சொத்துக்குச் சேதம், பொது ஊழியரைத் தடுத்தல் ஆகிய குற்றங்களும் சேர்ந்துகொள்ளும்.

அமெரிக்காவில் 2015இல் கென்டக்கியில் தன் வீட்டுக்கு மேல் பறந்த ட்ரோனைச் சுட்டவர் மீதான வழக்கை உள்ளூர் நீதிபதி தள்ளுபடி செய்ததை இணையத்தில் பலர் முன்னுதாரணமாகக் காட்டுகிறார்கள். ட்ரோன் உரிமையாளர் தொடுத்த கூட்டாட்சி வழக்கு 2017இல் அதிகார வரம்பின்மையால் முடிந்ததால், வானம் யாருடையது என்ற கேள்விக்கு அங்கே விடையே கிடைக்கவில்லை. விடையில்லாத வழக்கு முன்னுதாரணம் ஆகாது.

5. சட்டம் விட்டுவைத்த ஓட்டை

2018ஆம் ஆண்டு வான்போக்குவரத்து விதிமுறை, பிறர் அந்தரங்கம் கெடாதபடி பார்த்துக்கொள்வது இயக்குபவரின் பொறுப்பு என்றது. 2021 ஆகஸ்ட் விதிகள் தொழிலுக்கு வழிவிடும் அவசரத்தில் அந்தக் கடமையை விட்டுவிட்டன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று சொல்லி நான்கே ஆண்டு கழித்து இது நடந்தது. மேலும் 250 கிராம் வரையுள்ள நேனோ வகைக்கு விமானிச் சான்றிதழும் மூன்றாம் தரப்புக் காப்பீடும் வேண்டாம். சன்னலருகே வரக்கூடிய கருவி சரியாக அந்த வகைதான்.

கேரளத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சட்டக் கருவி உண்டு. கேரளக் காவல் சட்டம், 2011இன் 119ஆம் பிரிவு, பெண்களின் நியாயமான அந்தரங்கம் பாதிக்கும்படி எங்கிருந்து படமெடுத்தாலும் மூன்றாண்டு வரை சிறை என்கிறது. ‘எங்கிருந்தும்’ என்பதில் வானமும் அடங்கும். எல்லையில் மட்டும் இது சிக்கலாகிறது: விடுபவர் ஒரு மாநிலத்தில், பாதிக்கப்பட்டவர் இன்னொன்றில். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 199ஆம் பிரிவு, செயல் நடந்த இடத்திலும் விளைவு ஏற்பட்ட இடத்திலும் விசாரிக்கலாம் என்கிறது. 173ஆம் பிரிவின்படி எந்த நிலையத்திலும் புகார் பதியலாம். ‘அது அந்த ஸ்டேட்’ என்று கைவிரிக்க எந்த நிலையத்துக்கும் இனி உரிமையில்லை.

6. முடிவு

கம்பத்துத் தோப்புக்குத் திரும்புவோம். பெருந்தீங்கைத் தவிர்க்கச் சிறுதீங்கு செய்ததாக, பாரதிய நியாய சன்ஹிதாவின் 19ஆம் பிரிவின்படி அந்த உரிமையாளர் வாதிடலாம். கட்டுரையில் பேசிய அனைத்திலும் வலுவான வாதம் அதுவே. ஆனால் ட்ரோனின் இரைச்சலுக்கு மிரண்ட யானை தலைக்கு மேல் வெடித்த துப்பாக்கிக்கு அடங்கி நின்றிருக்காது. அங்கே உண்மையில் வேலை செய்தவை தடையுத்தரவும் காவல்துறையும்தான். அத்தகைய நேரத்துக்காகவே, காவல் கண்காணிப்பாளர் நிலை அதிகாரி ஒரு பகுதியை 96 மணிநேரம் வரை, அனுமதியின்றிப் பறக்கக்கூடாத தற்காலிகச் சிவப்பு மண்டலம் ஆக்கலாம் என்று விதிகள் சொல்கின்றன.

மூன்று திருத்தங்கள் அவசியம். குடியிருப்புக்கு மேலும் பக்கவாட்டிலும் குறைந்தபட்ச இடைவெளியை, மலைநிலத்தின் சரிவையும் கணக்கில் கொண்டு, விதி சொல்ல வேண்டும். 2021இல் நீக்கிய அந்தரங்கக் கடமையைத் திரும்பச் சேர்த்து, கேமரா பொருத்திய நேனோவுக்கும் அதைப் பொருத்த வேண்டும். பாலக்காடு – கோவை, இடுக்கி – தேனி காவல் அலுவலகங்கள் ட்ரோன் புகாரைத் தங்களுக்குள் கைமாற்றும் நடைமுறையை எழுத்தில் வகுக்க வேண்டும்.

அதுவரை நிலவுடைமையாளருக்கு உள்ள ஆயுதங்கள் மூன்று: நேரமும் திசையும் குறித்த கைப்பேசிப் படம், காவல் நிலையப் புகார், முன்சீப் நீதிமன்றத் தடையாணை. தாழ்வானம் அவருடையதுதான். அதைக் காக்கத் தோட்டாவை ஏவிய நொடியில், வழக்கில் அவர் பாதிக்கப்பட்டவராக இல்லாமல் எதிரியாகிவிடுகிறார்.