வடிகானில் அகப்பட்ட கப்பி மீனின் கதை



போன மாரியில் நமது மாணவர்கள் சிலர் வடிகானில் கப்பி மீன் பிடித்து, ஜேம் போத்தலில் வகுப்புக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாம் சாம்பல் நிறம். ஒன்று மட்டும் செம்மஞ்சள் வாலும் விலாவில் கறுப்புப் புள்ளியுமாக மின்னியது. "சேர், இதே நிறத்தில் நூறு குஞ்சு எடுக்கலாமா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுமையாக எழுதுகிறோம்.

கப்பி நமது மீன் அல்ல. அதன் ஊர் தென்னமெரிக்காவின் வடகரையும் ட்ரினிடாட் தீவும். ட்ரினிடாட்டில் வாழ்ந்த லெக்மியர் கப்பி என்பவர் அனுப்பிய மீனுக்கு, 1866இல் லண்டனில் குந்தர் அவரது பெயரையே சூட்டினார். நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் என்பதால் அது பல நாடுகளுக்கும் கொண்டுபோகப்பட்டது, இலங்கைக்கும் வந்தது. 1934இல் மழை பொய்த்து, ஆறுகள் குட்டைகளாகி, நுளம்பு பெருகியது. 1934-35 மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். மலேரியாவைப் பெருமளவு அடக்கியது 1940களில் தொடங்கிய டிடிடி தெளிப்புத்தான். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. ஆனால் கிணற்றிலும் தொட்டியிலும் விட்ட கப்பியும் தன் பங்குக்குச் சிறு காவல் செய்தது.

இனி நிறத்துக்கு வருவோம். காட்டுக் கப்பியில் பெண் மங்கல். ஆண்களோ ஒன்றைப்போல் ஒன்று இராது. 1920இல் டென்மார்க்கின் யொஹன்னஸ் ஷ்மிட், ஓர் ஆணின் புள்ளி அதன் ஆண் குஞ்சுகளுக்கு மட்டுமே போவதைக் கண்டார். 1922இல் விங்கே, அது தகப்பனின் வை நிறமூர்த்தத்தில் போகிறது என்று விளக்கினார். ட்ரினிடாட் கப்பிகளை ஆராய்ந்த ஜோன் எண்ட்லர் 1980இல் இன்னொன்றைக் காட்டினார்: தின்னும் மீன்கள் உள்ள நீரில் பளிச்சென்ற ஆண்கள் குறைகின்றன, இல்லாத நீரில் சில தலைமுறைகளில் நிறம் கூடுகிறது.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு எமது பதில்: எடுக்கலாம், ஆனால் பொறுமை வேண்டும். பெண் கப்பி ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தை மாதக்கணக்கில் உள்ளே வைத்துக்கொள்ளும். வடிகானில் பிடித்த பெண்ணை வைத்தால் யாருடைய குஞ்சு என்று தெரியாது. குஞ்சுகளை மூன்று, நான்கு வாரத்துக்குள் ஆண் வேறு, பெண் வேறாகப் பிரித்து, அந்தப் பெண்களோடுதான் செம்மஞ்சள் ஆணைச் சேர்க்க வேண்டும். பிறகு தலைமுறைதோறும் நல்லதைத் தெரிய வேண்டும். இன்று இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் அலங்கார மீன்களில் கப்பி முக்கியமானது. அதன் பின்னால் இருப்பதும் இந்தப் பொறுமைதான்.

இரண்டு வேண்டுகோள். 2017இல் கிண்ணியாவில் டெங்கு செய்ததை நாம் மறக்கவில்லை. வடிவான மீன் தேடிக் கிணற்றுக் கப்பியை முழுவதும் வாரி எடுக்காதீர்கள். மிஞ்சியதைக் களப்பிலோ குளத்திலோ ஓடையிலோ ஊற்றவும் வேண்டாம். அங்கே நமது நாட்டு மீன்களின் இரைக்கு அது போட்டியாகும், அவற்றின் குஞ்சுகளையும் தின்னும்.

அந்தச் செம்மஞ்சள் ஆண் இப்போது எமது வகுப்புத் தொட்டியில் இருக்கிறது. குஞ்சுகளைப் பிரிக்கும் நாளை மாணவர்களே சுவர் நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்கள்.