ஞாயிற்றுக்கிழமை யாருக்குச் சொந்தம்?

ஓய்வு இயற்கையின் கொடை அன்று. மனிதன் போராடிப் பெற்ற உரிமை. ஏழு நாட்களில் ஒரு நாளாவது கருவியைக் கீழே வைத்துவிட்டு, சுற்றத்தாரோடு கூடியிருந்து, தன் தெய்வத்தையோ தன் மனத்தையோ நாடுவதற்கு ஒருவனுக்குக் கிடைக்கும் நேரம், சமுதாயத்தில் அவனுக்குள்ள இடத்தைக் காட்டும் அளவுகோலாகும். அரசர்களின் ஆண்டுவரிசையை ஒப்புவிக்கச் சொல்லும் நம் வரலாற்றுப் பாடங்களில் இந்த அளவுகோலுக்கு இடமில்லை. இலங்கை மலையகத்தில் அட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வாழும் கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமையையும் கிறிஸ்மஸ் விடுமுறையையும் எடுத்து அளந்து பார்ப்போம். தோட்டத் தமிழரிடையே கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினர்தாம். எனினும் ஒரு சொட்டு நீரில் ஆற்றின் சுவை தெரிவதுபோல, இவர்களுடைய இரண்டு நாள் விடுமுறையில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு தெரிகிறது.

கிறிஸ்மஸை ஒட்டிய சனி, ஞாயிறுகளில் அக்குடும்பங்கள் படும் பாட்டைக் காணுங்கள். மலையிலிருந்து கொழுந்தை நிறுத்துப் பேர் போட்டு வந்த கையோடு காம்பராவுக்கு வெள்ளையடிக்க வேண்டும். அதிரசத்துக்கு மாவு இடிக்க வேண்டும். முறுக்குச் சுட வேண்டும். இரவில் இளைஞர்கள் விளக்கேந்தி, பனியையும் தூறலையும் பொருட்படுத்தாமல் லயம் லயமாகப் பாடிச் செல்கிறார்கள். விடிந்தால் ஆலய ஆராதனை. அதன்பின் பிள்ளைகளின் பெத்லகேம் நாடகம். மஸ்கெலியாவிலிருந்து பெரியப்பா குடும்பம் வரும்; பொகவந்தலாவையிலிருந்து மாமாவும் அத்தையும் வருவார்கள். ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி உள்ள ஓர் அறையில் அத்தனை பேரும் அமர்ந்து உண்கிறார்கள். பக்கத்துக் காம்பராவின் இந்துக் குடும்பத்துக்குப் பலகாரத் தட்டு போகிறது. தீபாவளிக்கு அங்கிருந்து வந்த தட்டுக்கு அது மறுமொழி. திங்கட்கிழமை விடிந்தால் மீண்டும் பெரட்டு.

இந்த ஓய்வு நாட்களில் ஓய்வே இல்லாத ஒருத்தி உண்டு. அவள்தான் அந்த வீட்டின் கொழுந்து பறிக்கும் பெண். மலையில் கூடை சுமந்தவள் வீட்டில் அடுப்பைச் சுமக்கிறாள். விடுமுறை என்பது அவளுக்கு வேலை இடம் மாறுவது மட்டுமே. இதையும் நம் அளவுகோல் கணக்கில் கொள்ள வேண்டும்.

இவ்வழக்கங்கள் தோன்றிய காலம் தேயிலைக்கு முந்தியது. காப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்ட நாட்களில், அவர்களில் ஒரு சிறு பகுதியினர் சொந்த ஊரிலேயே கிறிஸ்தவராயிருந்தவர்கள். 1854ஆம் ஆண்டில், சர்ச் மிஷனரி சங்கத்தின் சார்பில், தோட்டங்களுக்கெனத் தனி ஊழியம் ஒன்று தொடங்கப்பட்டது. அதற்கு இட்ட பெயரைக் கவனியுங்கள்: ‘தமிழ்க் கூலி மிஷன்’! ஆண்டவன் முன் அனைவரும் சமம் என்று போதிக்கப் புறப்பட்ட அமைப்பின் பெயரிலேயே ‘கூலி’ ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் அச்சொல் நீக்கப்பட்டதென்பது உண்மை. ஆனால் பெயர் மாறுவது எளிது. அப்பெயரைத் தந்த உறவு மாறுவது அரிது.

இந்த ஊழியத்துக்குத் தோட்டத் துரைமாரும் பணம் கொடுத்தார்கள். பணம் கொடுத்தவனுக்குப் பேச்சுரிமை உண்டல்லவா? 1876ஆம் ஆண்டு கொழும்புப் பேராயராக வந்த கொப்பிள்ஸ்டன், தோட்டங்களில் நடக்கும் ஊழியம் தம் அதிகாரத்தின் கீழ் வரவேண்டும் என்றார். மிஷனரிகள் இணங்கவில்லை. அவர்களுடைய அனுமதிப் பத்திரங்களையே பேராயர் திரும்பப் பெற்றார். வழக்கு இங்கிலாந்துப் பேராயர்கள் வரை சென்றது. பேராயர், மிஷனரி, துரை என மூன்று தரப்பும் வாதாடிய இந்தப் பூசலில், எந்த மக்களின் ஆன்மாவுக்காகப் போட்டியிட்டார்களோ அந்த மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்ததாகத் தெரியவில்லை.

அதே காலத்துக் கட்டடங்களும் இக்கதையைச் சொல்கின்றன. டிக்கோயாவின் வார்லி ஆலயம் 1878இல் எழுந்தது. இன்று காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கி நிற்கும் அந்த அழகிய கல்லாலயத்தின் முற்றத்தில் ஆங்கிலத் தோட்டக்காரர்களின் கல்லறைகள் பெயரோடும் ஆண்டோடும் நிற்கின்றன. நுவரெலியாவில் 1876இல் அவர்களுக்கெனத் தனிக் கழகமும் அமைந்தது. அவர்களுடைய கிறிஸ்மஸுக்குக் கல்லும் கண்ணாடியும் சாட்சி. தேயிலைச் செடிகளின் அடியில் புதைந்தவர்களின் கிறிஸ்மஸுக்கு மக்களின் நினைவைத் தவிர வேறு சாட்சி இல்லை.

சுற்றத்தாரைக் காணச் செல்வதுகூட அன்று எளிதாயிருக்கவில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், அனுமதியின்றி வேலையைவிட்டு நீங்குவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் போக வேண்டுமானால், கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ வேண்டும். அந்தத் துண்டுச் சீட்டு மனிதனைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றியது. 1921இல்தான் துண்டு முறைக்கு முடிவு வந்தது. தண்டனை விதிகளும் அப்போதே நீக்கப்பட்டன. துண்டு ஒழிந்தது; கடன் ஒழிந்ததா? இந்துத் தொழிலாளிக்குத் தீபாவளி முற்பணமும் கிறிஸ்தவத் தொழிலாளிக்குக் கிறிஸ்மஸ் முற்பணமும் தரப்படுவதும், பின்னர் மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கப்படுவதும் தோட்ட வாழ்வின் நிலையான வழக்கமாயின. பண்டிகை ஒரு நாள். அதன் தவணை பல மாதம். பண்டிகையை ரொக்கத்தில் கொண்டாட முடியாத கூலியே இதன் வேர்.

ஓய்வு நாள் என்னும் கருத்தின் வரலாற்றையும் சற்று நோக்குவோம். பழைய ஏற்பாட்டின் ஓய்வு நாள் விதி, வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் அந்நியனுக்கும் மாட்டுக்குங்கூட ஓய்வு வேண்டும் என்கிறது. உபாகமத்தில் அதற்குக் கூறப்படும் காரணம், நீங்களும் ஒரு காலத்தில் எகிப்தில் அடிமைகளாயிருந்தீர்கள் என்பதே. அடிமைத்தனத்தின் நினைவிலிருந்து பிறந்த விதி அது! ஆனால் கி.பி. 321இல் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றை ஓய்வு நாளாக அறிவித்தபோது, நகரத்து நீதிமன்றங்களும் தொழிற்கூடங்களும் மூடப்பட்டன. வயலில் வேலை செய்வோர் மட்டும் தொடர்ந்து உழைக்கலாம் என்று விலக்கு வைத்தான். பருவம் தவறிவிடக் கூடாதாம். கொழுந்து முற்றிவிடக் கூடாது என்று நம் தோட்டங்களில் கேட்கும் வாதத்துக்கு ஆயிரத்து எழுநூறு ஆண்டு வயது.

நாட்காட்டியை மாற்றி ஓய்வை ஆள முயன்ற அரசுகளும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சி 1793இல் வாரத்தை ஒழித்துப் பத்து நாட்களுக்கு ஒரு விடுமுறை என்றது. உழைப்பாளிக்குக் கிடைத்த லாபம் ஓய்வுநாள் குறைந்ததுதான். 1806 தொடக்கத்தில் அந்த நாட்காட்டி மறைந்தது. சோவியத் நாடு 1929இல் இடைவிடாத உற்பத்திக்காக ஐந்து நாள் வாரத்தைப் புகுத்தியது. கணவனுக்கு ஒரு நாளும் மனைவிக்கு மறு நாளும் ஓய்வு என்றால் குடும்பம் கூடுவது எப்போது? 1940இல் ஞாயிறு திரும்பியது. உழைப்பவரின் பெயரால் ஆண்ட அரசும் இப்பாடத்தைப் பட்டறிந்தே கற்றது என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை.

இலங்கையிலும் இது நிகழ்ந்தது. 1966 முதல் டட்லி சேனாநாயக்க அரசு சனி, ஞாயிறு விடுமுறையை நீக்கி, நிலவின் நான்கு பிறைநிலைகளை ஒட்டிய போயா நாட்களை வார விடுமுறை ஆக்கிற்று. ஞாயிறு விடுமுறை அந்நிய ஆட்சி புகுத்தியது. பௌத்தர்களின் மனக்குறை நியாயமற்றதன்று. ஆனால் ஒருவருடைய குறையைத் தீர்ப்பதற்கு மற்றவருடைய நாளைப் பறிப்பது நீதியாகுமா? ஞாயிறு பள்ளி நாளும் கந்தோர் நாளும் ஆனபோது, பிள்ளை வகுப்பிலும் தந்தை வேலையிலும் இருக்க, ஆராதனை அதிகாலைக்கோ அந்திக்கோ ஒதுங்க வேண்டியதாயிற்று. 1971இல், இடதுசாரிக் கட்சிகளும் பங்குகொண்ட ஐக்கிய முன்னணி ஆட்சியில் ஞாயிறு மீண்டது. முழுநிலாப் போயாவும் விடுமுறையாக நிலைத்தது. இருவருக்கும் இடமுண்டு என்ற எளிய உண்மையை ஏற்க ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அந்த ஆண்டுகளில் மலையக மக்கள் இழந்தது கிழமை மட்டுமன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிப் பிரித்தது. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். பண்டிகைக்கு வந்துகொண்டிருந்த மாமா குடும்பம் நீலகிரிக்குப் போயிற்று. கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் மீண்டும் தேயிலையே அவர்களை வரவேற்றது. பந்தியில் இடம் வெறுமையாயிற்று. வாழ்த்துக் கடிதம் கடல் கடந்தது. வார இறுதிக்குக் குடும்பம் கூடுவது சிறிய செய்தியா என்று கேட்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

ஆலயமும் மாறாமல் இருக்கவில்லை. 1972இல் கண்டியில் ‘சத்தியோதய’ நிறுவனத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குருவானவர் போல் கஸ்பர்ஸ், தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையையும் கூலியையும் சமயத்தின் கடமையாகவே கண்டார். கூலி மிஷனிலிருந்து இவ்விடம் வந்து சேர ஏறத்தாழ 120 ஆண்டுகள் சென்றன. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்கும் குடியுரிமை வழங்க வழிசெய்தது.

இன்று நாட்காட்டியில் ஞாயிறு சிவப்பாக இருக்கிறது. ஆயினும் அந்நாளிலும் மலையில் கூடைகளைக் காணலாம். நிறைக்கு ஏற்பக் காசு தரும் ‘கைக்காசு’ வேலை அது. 2021இல் நாட்கூலி ஆயிரம் ரூபாயாகவும், 2024இல் 1,350 ரூபாயாகவும் அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அந்தக் கூலியில் ஆறு நாள் உழைத்தும் அடுப்பெரியாத வீடு ஏழாம் நாளை விற்கிறது. சட்டம் தந்த ஞாயிற்றைப் பசி திரும்ப வாங்கிக்கொள்கிறது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பார்கள். பசியைவிடப் பெரிய கங்காணி யார்?

ஆகவே, ஆசிரியர்களே, மாணவர்களே! எட்டு மணி நேர வேலைக்காகச் சிந்திய இரத்தத்தை மே தினத்தில் நினைவுகூர்கிறோம். அதே போராட்டத்தின் மறுபாதிதான் ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குச் செல்வதும், ஆலயத்தில் பாடுவதும், இரண்டிலும் சேராமல் வாசலில் பிள்ளையோடு அமர்ந்திருப்பதும் அவரவர் விருப்பம். அந்த விருப்பத்துக்கு இடம் தரும் கூலியே நியாயமான கூலி. உங்கள் ஊரில் ஞாயிறன்று யார் வேலை செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று கேட்டுக் குறித்து வாருங்கள். பாடப்புத்தகம் எழுதாத வரலாற்றின் அடுத்த பக்கம் அந்தக் குறிப்பிலிருந்துதான் தொடங்கும்.